கூரை விழுவதற்கு முன்

செவ்வாய்க்கிழமை. ஹல் நகரம், பெவர்லி சாலை.
இலவச ஆலோசனை மையத்தில் மூன்றாம் மேசை என்னுடையது.
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
டைவா ஸுகியெனெ எதிரே உட்கார்ந்து பையைத் திறக்கிறாள்.
உள்ளே ஓர் உறை, உறைக்குள்
இடிந்து விழுந்த உள்கூரையில் ஒரு துண்டு.
சாட்சியாம்.
தவிட்டு நிறம், ஓரத்தில் கறுத்த பூஞ்சை.
பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.
தட்டை மெல்ல நகர்த்துகிறேன்.

தீர்ப்பாயத்துக்கான கடிதத்தை அவளே எழுதி வந்திருக்கிறாள்:
*வீட்டுக்காரரிடம் ஒழுகலைப் பற்றி
மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.*

நல்ல இங்கிலீஷ். ஒரு பிழை இல்லை.
ஆனால் எப்போது சொன்னாள்?
போன வாரமா, கூரை விழுந்த மறுநாளா,
கொத்தனார் வந்து ஏணி சாத்திய பிறகா?
இந்த வினைக்குத் தேதி ஆகாது.
நாட்காட்டியைக் காட்டினால் முகம் திருப்பிக்கொள்ளும்.
சொன்னது சொன்னதுதான்,
இதோ வாயில் இன்னும் சூடு ஆறவில்லை
என்று மட்டும் சாதிக்கும்.
எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவ்வளவு சந்து போதும்.

பென்சிலை எடுக்கிறேன்.
ஹேவ் என்ற சொல்லின் வாலில்
இரண்டு எழுத்தை அடித்துவிட்டு
ஒரு டி போடுகிறேன்:
*நவம்பர் ஒன்பது, விடிகாலை ஐந்தே முக்கால்,
கூரை விழுந்தபோது
நான் மூன்று முறை சொல்லியிருந்தேன்.*

இந்த வாக்கியத்துக்குத் தனியாக நிற்கத் தெரியாது.
சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டும்.
கூரை விழுந்த விடிகாலையே அந்தச் சுவர்.
அதற்கு அந்தப் பக்கம்
இரண்டு ஃபோன் அழைப்பு, ஒரு பதிவுத் தபால்,
திரும்பிக் கூப்பிடுகிறேன் என்ற ஒரு குரல்.
எல்லாம் முன்னால். முன்னால்தான் வழக்கே.

டைவா தலையாட்ட மறுக்கிறாள்.
"இருந்தேன் என்றால் முடிந்துபோன மாதிரி.
எனக்கு எங்கே முடிந்தது?
நேற்று ராத்திரியும்
கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி."

கேரவன் தொழிற்சாலையில் ஜன்னல் பொருத்துகிறவள்.
ரப்பர் விளிம்பு மயிரிழை விலகினாலும்
தண்ணீருக்கு வழி தெரிந்துவிடும் என்று
கையாலேயே அறிந்தவள்.
கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிவிட்டுச் சொல்கிறாள்:
"நீங்கள் சொன்னதைக் கையில் வைத்திருக்கிறீர்கள், கிளெனிஸ்,
பர்ஸில் சில்லறை வைத்திருக்கிற மாதிரி.
ஹேவ், ஹேட்.
எங்கள் லிதுவேனியனில் வைத்திருப்பதில்லை.
சொன்னவளாக இருக்கிறோம்.
சில்லறை தொலையும்.
நான் எப்படித் தொலைவேன்?"

முப்பது வருஷம் துறைமுகச் சரக்கு அலுவலகத்தில்
'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று தட்டச்சு செய்தவள் நான்.
எனக்கு அதற்குப் பதில் இல்லை.
இருந்தாலும் டி-யை அழிக்கவில்லை.
"உங்களுக்காக இல்லை," என்கிறேன்,
"நீதிபதிக்காக.
அவருக்கு எது முதல், எது பிறகு என்பது தெரிந்தால் போதும்."
பெருமூச்சு விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்கிறாள்.
சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசிப் பத்தி.
*இந்த வீட்டில் பதினோரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.*

பென்சில் தயங்குகிறது.
"இன்னும் அங்கேதானா?"
"துணிமணி தங்கை வீட்டு கராஜில்.
கட்டிலும் வாளியும் கெட்டிலும் அங்கே."
கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து
கூரைத் துண்டின்மேல் வைக்கிறாள்.
"வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்."

தீர்ப்பாயம் கூடுவது அதற்கடுத்த புதன்.
அவர்கள் இதைப் படிக்கும்போது
அவள் அங்கே இருக்க மாட்டாள்.
இலக்கணப்படி யோசித்தால்,
இல்லை, அது இலக்கணத்தின் வேலையே இல்லை.

நான் வாய் திறப்பதற்குள்
அந்தச் சொல்லின்மேல் ஆள்காட்டி விரலை ஊன்றிவிட்டாள்.
நகக்கண்ணில் கறுப்பு சீலண்ட்.
"இதைத் தொடாதீர்கள்."

தொடவில்லை.

பத்து நிமிஷம் கழித்து, கண்ணாடிக்கு வெளியே,
பால்நிற டெலிபோன் கூண்டுக்குப் பக்கத்தில்
மழைக்குத் தலைகுனிந்தபடி பஸ்ஸுக்கு நின்றாள்.
அடுத்த ஆள் வந்தாயிற்று, பார்க்கிங் அபராதம்.
மேசையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள்,
ஒரு சாவியின் அளவுக்கு நடுவில் வெற்றிடம்.
இன்னும் துடைக்கவில்லை.